ஈஸ்டருக்கு வந்த விருந்தாளி

எங்கள் மோல்டே ஊரில் ஒருவனோடு படுக்கைக்குப் போவது பெரிய காரியமல்ல. சனிக்கிழமை மதியம் அவன் கையைக் கோத்துக்கொண்டு கடைத்தெருவில் நடப்பதுதான் பெரிய காரியம். படுத்ததைப் பற்றி யாரும் வாய் திறக்கமாட்டார்கள். கை கோத்ததைப் பார்த்துவிட்டால் மீன்கடைக்காரரிலிருந்து பல் டாக்டர் வரை வாழ்த்துச் சொல்லிவிடுவார்கள். யோருன் நான்கு வருஷம் ஹால்வரோடு படுத்தாள். ஒரு சனிக்கிழமைகூடக் கை கோக்கவில்லை. அதில் அவளுக்கு ஒரு பெருமை வேறு. அந்தப் பெருமைதான் அவளைக் கெடுத்தது.

யோருனுக்கு நாற்பத்தொரு வயது. மேல்நிலைப் பள்ளியில் நர்ஸ். பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளைகள் ஆணுறைக்கும் மாத்திரைக்கும் அவளிடம்தான் வருவார்கள். அவர்களை உட்காரவைத்து, முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாமல், "வேணும்னா வேணும்னு சொல்லு, வேண்டாம்னா வேண்டாம்னு சொல்லு. அவன் மனசுல என்னன்னு தெரியலையா? கேளு. கேட்டா யாரும் செத்துப்போக மாட்டாங்க" என்பாள். நல்ல உபதேசம். ஊருக்குத்தான் அது, அவளுக்கு இல்லை.

செவ்வாய்க்கிழமை காலை அவள் செல்போனுக்கு ஹால்வரிடமிருந்து ஒரு செய்தி வந்தது. "சனிக்கிழமை வீடு மாற்றுகிறேன். மூன்றாம் மாடி, லிஃப்ட் இல்லை. முதுகு ஒழுங்காக உள்ளவர்கள் வரவும். பீட்சா உண்டு." ஒன்பது பேருக்குப் போன செய்தி அது. சாமான் தூக்க வரும் ஒன்பது சிநேகிதர்களில் அவளும் ஒருத்தி.

அவன் எங்கே போகிறான் என்பது அவளுக்குத் தெரியும். ஃபியோர்டு என்கிற கடற்கழிக்கு அக்கரையில் வெஸ்ட்னெஸ் என்கிற ஊருக்கு, ஹெல்லே என்ற பெண்ணின் வீட்டுக்கு. மூன்று வாரத்துக்கு முன்னால் அவனே நேரில் வந்து சொல்லியிருந்தான். ஷூவைக் கழற்றினான், கோட்டைக் கழற்றவில்லை. அவளுடைய சமையலறையில் நாற்காலி நுனியில் உட்கார்ந்துகொண்டு, "யோருன், நான் ஒருத்தியப் பாத்துட்டிருக்கேன். இது வெளையாட்டில்ல, நெஜமாவே" என்றான்.

"அடடே, நல்ல விஷயமாச்சே" என்றாள் யோருன். "பேர் என்ன? என்ன பண்றா?"

"ஹெல்லே. மழலையர் பள்ளியில டீச்சர். ரெண்டாந் தடவ பாக்கும்போதே மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டா, எனக்குப் பொழுதுபோக்குக்கு ஆள் வேண்டாம், கூட இருக்க ஆள் வேணும்னு."

"வாய் உள்ள பிள்ளை" என்று சிரித்தாள் யோருன்.

"உனக்கு ஒண்ணும் கஷ்டமில்லயே?"

"எனக்கென்ன கஷ்டம்? யாராவது வந்தா சொல்லிடணும்னுதானே பேச்சு. சொல்லிட்டே. முடிஞ்சுது."

பழுப்புப் பாலாடைக்கட்டியைச் சீவி ரொட்டியில் வைத்து அவனுக்குக் கொடுத்தாள். அவன் நின்றபடியே தின்றுவிட்டுப் போனான். கதவு சாத்தியதும் அவளுக்கு மூச்சு முட்டியது. அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தனக்கு என்ன ஆகிறது என்று முதலில் விளங்கவில்லை. விளங்கியபோது, நான்கு வருஷமாகத் தான் பொய் சொல்லிக்கொண்டிருந்ததும் சேர்ந்தே விளங்கியது.

நான்கு வருஷத்துக்கு முன்னால் அவள் வேறொருவனோடு ஒன்பது வருஷம் குடித்தனம் நடத்தி முடித்திருந்தாள். எங்கள் பக்கத்தில் கல்யாணம் பண்ணாமல் சேர்ந்திருப்பவர்கள்தான் அதிகம். பிரியும்போது மட்டும் கல்யாணம் பண்ணியவர்களைவிட அதிகமாக அடித்துக்கொள்வார்கள். கரண்டி, ஸ்பூன் வரைக்கும் பிரித்தார்கள். அன்றைக்கே அவள் ஒரு தீர்மானம் எடுத்தாள்: இனிமேல் படுக்கை வேறு, மனசு வேறு. அந்த வருஷம் கிறிஸ்துமஸ் விருந்து ஒன்றில் ஹால்வரைப் பார்த்தாள். மறுநாள் காலையில் அவன் கட்டிலுக்கடியில் காலுறையைத் தேடிக்கொண்டிருக்கும்போதே சட்டங்களைச் சொல்லிவிட்டாள். எங்கே போனாய், யாரோடு இருந்தாய் என்று கேட்கக்கூடாது. எதிர்பார்க்கக்கூடாது. வேறு யாராவது நிஜமாக வந்தால் சொல்லிவிட வேண்டும்.

ஹால்வர் தலையாட்டினான். வெஸ்ட்னெஸுக்குப் போய்வரும் படகில் எஞ்சின் பார்க்கிறவன் அவன். ஒரு வாரம் படகு, ஒரு வாரம் கரை. சொன்னதைச் சொன்னபடியே எடுத்துக்கொள்ளும் ஆள். கரையிலிருக்கும் வாரங்களில் வருவான். யோருன் மீன் சூப் வைப்பாள். அவள் சைக்கிளைப் பழுது பார்ப்பான். காய்ச்சல் வந்தால் பார்த்துக்கொள்வான். அவள் அப்பாவின் சாவுக்குப் போய்வந்த அன்று, ஒரு வார்த்தை பேசாமல் அவள் காலைத் தன் மடியில் வைத்துப் பிடித்துவிட்டான். இதற்கெல்லாம் வேறு பெயர் உண்டு என்று ஒரு குழந்தைக்குக்கூடத் தெரியும். பள்ளிக்கூடத்து நர்ஸுக்குத் தெரியவில்லை.

முதல் வருஷம் அவளுக்கு வேறு இரண்டு பேர் இருந்தார்கள். அதற்கப்புறம் யாரும் இல்லை. அதை அவள் சொல்லவில்லை. ஒருநாள் ஹால்வர் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டே, "இப்ப வேற யாராச்சும் இருக்காங்களா உனக்கு?" என்று கேட்டான். "அதெல்லாம் கேக்கறதில்லன்னு பேசியிருக்கோமே தம்பி" என்று அவன் தலையில் தட்டிவிட்டுப் போனாள். அவன் மறுபடி கேட்கவே இல்லை.

பிறகு அந்த ஈஸ்டர். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஹால்வர் அவளைத் தன் குடும்பத்தின் மலைக்குடிலுக்குக் கூப்பிட்டான். "அம்மா மட்டும்தான் இருப்பாங்க. விரிப்பு எதுவும் எடுத்துட்டு வராதே, அங்கயே இருக்கு" என்றான்.

எங்கள் ஊரில் யாருடைய குடிலுக்குப் போனாலும் தன் படுக்கை விரிப்பைத் தானே கொண்டுபோக வேண்டும். போகும்போது சுருட்டி எடுத்துவர வேண்டும். மலையில் தண்ணீர் தூக்கித் துவைப்பது யார்? வீட்டு மனுஷர்கள் மட்டும்தான் வெறுங்கையோடு போவார்கள். யோருனுக்கு இது தெரியாதா? தெரியும். இருந்தாலும் எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு விரிப்பை மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள்.

பனிச்சறுக்கிலேயே இரண்டு மைல் ஏறிப் போய்ச் சேர்ந்தபோது, சின்ன அறையில் கட்டில் தயாராக இருந்தது. இஸ்திரி மடிப்பு கலையாத வெள்ளை விரிப்பு, ஓரத்தில் நூலால் தைத்த பெயரெழுத்து, பக்கத்தில் பக்கத்தில் இரண்டு தலையணை. யோருனுக்குத் திக்கென்றது. இந்த அம்மாள் என்னை இவனுடைய பெண்டாட்டி மாதிரி நினைத்துவிட்டார், பாவம் இவனுக்கு எவ்வளவு சங்கடம் என்று நினைத்தாள். ஹால்வர் விறகு வெட்டப் போயிருந்த நேரத்தில் அந்த விரிப்பை எடுத்து, மடிப்பு கெடாமல் மடித்து, அலமாரியில் வைத்தாள். தன்னுடைய பூப்போட்ட விரிப்பைப் போட்டாள். அவனைக் காப்பாற்றிவிட்டதாக அவளுக்குத் திருப்தி.

மூன்று நாள் ஆரஞ்சும் சாக்லேட்டும் தின்று, வெயிலில் உட்கார்ந்து மூக்குத் தோல் உரிந்ததுதான் மிச்சம். கிளம்பும்போது அவன் அம்மா குடில் புத்தகத்தை நீட்டினார். வந்தவர்களெல்லாம் அதில் எழுத வேண்டும். வீட்டுக்காரர்கள் பனி எத்தனை அடி, யார் எங்கே விழுந்தார்கள் என்று எழுதுவார்கள். யோருன் யோசித்து யோசித்து, "அருமையான விருந்தோம்பலுக்கு மிக்க நன்றி. ஹால்வரின் தோழி, யோருன்" என்று எழுதினாள். தன் விரிப்பைச் சுருட்டிப் பையில் திணித்துக்கொண்டு இறங்கினாள். இவ்வளவு நாகரிகமான விருந்தாளி அந்தக் குடிலுக்கு வந்திருக்கவே மாட்டாள்.

புதன்கிழமை சாயங்காலம் சில்யேயின் சலூனுக்குப் போனாள். சில்யே அவளுடைய பள்ளிக்காலத் தோழி. முடி வெட்டுவாள், கூடவே நாக்காலும் வெட்டுவாள். ஈரத் தலையோடு கண்ணாடி முன்னால் உட்கார்ந்தபடி யோருன் எல்லாவற்றையும் கொட்டினாள்.

"அவன் கட்டிலத் தூக்கிக் கொடுக்கப் போறியா நீ?" என்றாள் சில்யே. "ஏன்டீ, கட்டில்ல ரெண்டு பேரையும் படுக்க வச்சுத் தாலாட்டும் பாடிட்டு வாயேன்."

"போகலன்னா தப்பா நினைப்பான்."

"சரியா நினைப்பான். உனக்கு அவன் வேணுமா வேண்டாமா?"

யோருன் கண்ணாடியைப் பார்த்தாள். "வேணும்" என்றாள். அந்தச் சொல்லை அவள் வாய் விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. சொன்னதும் அழுதுவிட்டாள். சில்யே கத்தரிக்கோலை வைத்துவிட்டுத் துண்டால் அவள் முகத்தை அழுத்தித் துடைத்தாள்.

"அப்ப சனிக்கிழமை போ. போய் அவன்கிட்டச் சொல்லித் தொல. ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் கிளாஸ் எடுக்கறவதானே நீ. அவன் முடியாதுன்னா முடியாதுன்னு சொல்லட்டும். மனசாவது லேசாகும்."

சனிக்கிழமை மழை. யோருன் போனபோது வாசலில் சின்ன லாரி நின்றது. மழைக்கோட்டுப் போட்ட ஒரு பெண் மாவு பிசையும் இயந்திரத்தை மார்போடு அணைத்துத் தூக்கிக்கொண்டு வந்தாள். குள்ளம், கன்னம் சிவந்திருந்தது.

"நீதானே யோருன்? நான் ஹெல்லே. ஹால்வர் உன்னப் பத்திச் சொல்லியிருக்கான், எல்லாமே சொல்லியிருக்கான். உனக்கு இங்க வர்றது சுலபமா இருந்திருக்காது. வந்ததுக்கு ரொம்ப நன்றி" என்றாள்.

இவளை வெறுத்துவிடலாம் என்று யோருன் வழியெல்லாம் நம்பி வந்திருந்தாள். அந்த ஆறுதலும் இல்லாமல் போயிற்று.

ஒரு மணி நேரம் பெட்டி பெட்டியாகத் தூக்கினாள். ஹால்வரைத் தனியாகப் பிடிக்க முடியவில்லை. எப்போதும் யாராவது ஒருவன் சோபாவின் மறுமுனையில் இருந்தான். கடைசியில் படுக்கையறையில் மெத்தை மட்டும் மிஞ்சியது. மற்றவர்கள் கீழே லாரியில் அடுக்கிக்கொண்டிருந்தார்கள்.

"இது எங்க போகுது?" என்று கேட்டாள்.

"ஹெல்லே வீட்டுல கட்டில் இருக்கு. இது விருந்தாளி ரூமுக்கு" என்றான். "நீ மேல் பக்கம் பிடி. நான் கீழ போறேன்."

நிமிர்த்தி வைத்தால் ஆள் உயரத்துக்கு நின்றது. அந்த மெத்தையின் எந்த மூலை பள்ளம் என்பதுகூட அவளுக்குத் தெரியும். படி படியாக இறங்கினார்கள். இரண்டாம் மாடித் திருப்பத்தில் அது சுவருக்கும் கைப்பிடிக்கும் நடுவே மாட்டிக்கொண்டது. அவள் மேலே, அவன் கீழே. நடுவில் மெத்தை. ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியவில்லை.

"கொஞ்சம் நில்லு" என்றாள்.

"கை வழுக்குதா?"

"இல்ல. ஒண்ணு சொல்லணும்."

"சொல்லு."

மெத்தையைப் பார்த்துத்தான் சொன்னாள். "மூணு வருஷமா எனக்கு வேற யாரும் இல்ல, ஹால்வர். நீ மட்டும்தான். அன்னைக்கு நீ கேட்டப்ப திமிரா ஒரு பதில் சொன்னேனே, அது பொய்."

கீழே அவன் மெத்தையைப் படியில் ஊன்றி வைத்தான்.

"எனக்கும் நீ மட்டும்தான் இருந்தே" என்றான். "அந்தக் கிறிஸ்துமஸிலேருந்தே."

"அப்ப ஏன்டா கேக்கல? என்னோட இருன்னு ஒரு தடவ, ஒரே தடவ கேட்டிருக்கக் கூடாதா?"

"கேட்டேனே."

"எப்ப?"

"ஈஸ்டருக்கு." மெத்தை லேசாக ஆடியது. "விரிப்பு எடுத்துட்டு வராதேன்னு சொன்னேன்ல. அது எங்கப்பாவும் அம்மாவும் படுத்த விரிப்பு. அப்பா போனதுக்கப்புறம் அம்மா அது இருந்த பெட்டியத் திறந்துகூடப் பாத்ததில்ல. உனக்காக எடுத்து இஸ்திரி போட்டாங்க. நீ மடிச்சு அலமாரியில வச்சுட்ட."

"உனக்குச் சங்கடமா இருக்குமேன்னு பண்ணினேன். உங்கம்மா தெரியாம அப்படி நினைச்சுட்டாங்கன்னு..."

"எனக்கென்ன சங்கடம்? அதப் போடுங்கம்மான்னு சொன்னதே நான்தான்."

மழைத்தண்ணீர் படிக்கட்டு ஜன்னலில் வழிந்துகொண்டிருந்தது. அவன் பேச்சை நிறுத்தவில்லை. இரண்டு வருஷமாகத் தொண்டையில் வைத்திருந்தது போலிருக்கிறது. "நீ கிளம்பினப்புறம் அம்மா அந்தப் புத்தகத்தப் படிச்சாங்க. 'இந்தப் பொண்ணுக்கு நம்மளப் பிடிக்கலையாடா'ன்னு கேட்டாங்க. நான் என்ன சொல்றது? நீதான் பதில எழுதிக் கையெழுத்தே போட்டுட்டுப் போயிட்டியே."

"வாயத் திறந்து கேட்டிருக்கலாமே."

"கேக்கக் கூடாதுன்னு சட்டம் போட்டது யாரு, யோருன்? நீ சொன்ன வார்த்தைய நான் மதிச்சேன். அது தப்பா?"

தப்பில்லை. அதுதான் எங்கள் ஜனங்களின் சாபக்கேடு. ஒருத்தர் சுதந்திரத்தில் ஒருத்தர் கை வைக்கமாட்டோம். தண்ணீரில் முழுகிக்கொண்டிருப்பவன் "பரவாயில்லை, நீங்கள் போங்கள்" என்றால், அவன் விருப்பம் என்று மரியாதையாகப் போய்விடுவோம். உடம்பைக் கொடுக்க இவர்களுக்கு ஒரு வெட்கமும் இல்லை. ஒரு கேள்வியைக் கொடுக்கத்தான் அத்தனை வெட்கம். நான்கு வருஷம் ஒருவரையொருவர் தொடாத இடமில்லை. இரண்டு பேரும் அடுத்தவர் மனசை மட்டும் அடுத்த வீட்டுத் தோட்டம் மாதிரி வேலிக்கு வெளியே நின்று பார்த்தார்கள்.

யோருன் நெற்றியை மெத்தையில் வைத்தாள். "இப்பக் கேக்கறேன்" என்றாள். "கேவலமா இருந்தாலும் பரவாயில்ல. கீழ அவ நிக்கறா, நல்லவ, தெரியும். இருந்தாலும் கேக்கறேன். என்னோட இருக்கியா?"

அவன் மூச்சு விடுவது கேட்டது. அழுகிறானா, பிடியை மாற்றுகிறானா என்று தெரியவில்லை.

"அந்த ஈஸ்டர்ல கேட்டிருந்தா ஓடி வந்திருப்பேன்" என்றான். "போன வருஷம் கேட்டிருந்தாலும் வந்திருப்பேன். இந்த ஜனவரியில, ஹெல்லேயப் பாக்கறதுக்கு முந்தின நாள் கேட்டிருந்தாக்கூட."

"இப்ப?"

"இப்ப நான் சந்தோஷமா இருக்கேன், யோருன்."

அவளுக்கு முதலில் புரியவில்லை.

"உன்ன மறக்கணும்னுதான் முதல்ல அவகிட்டப் போனேன். அது உண்மை. அப்புறம் ஒருநாள் படகுல எஞ்சின் ரூம்ல நின்னுட்டிருக்கும்போது, இன்னைக்குக் காலையிலேருந்து உன்ன நினைக்கவே இல்லன்னு தெரிஞ்சுது. அவ வந்து என்கிட்ட, இன்னைக்கு வருவியா, எத்தன மணிக்கு, என்ன சாப்பிடுவேன்னு கேக்கறா. தினம் கேக்கறா. எனக்கு அது பிடிச்சிருக்கு."

வாக்குக் கொடுத்துவிட்டேன், இனி முடியாது என்று சொல்லியிருந்தால் அவள் தாங்கியிருப்பாள். அதை வைத்துக்கொண்டு இன்னும் பத்து வருஷம்கூட அவனுக்காக ஏங்கியிருப்பாள். சந்தோஷமாக இருக்கிறேன் என்பவனிடம் என்ன வழக்காடுவது? அவன் பொய் சொல்லத் தெரியாதவன் என்பது வேறு அவளுக்குத் தெரிந்து தொலைத்தது.

"சரி" என்றாள்.

"நீ நல்லாயிருக்கியா?"

"இல்ல" என்றாள். நான்கு வருஷத்தில் அந்தக் கேள்விக்கு அவள் சொன்ன முதல் உண்மையான பதில். அதைக் கேட்டும் அவன் மெத்தைக்கு அந்தப் பக்கமே நின்றான்.

"தூக்கலாமா?" என்றான் கொஞ்சம் கழித்து.

"தூக்கு."

இடது பக்கம் சாய்த்துத் தள்ளியதும் மெத்தை விடுபட்டது. கீழே ஹெல்லே கதவை முதுகால் தாங்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். "பாத்து, படி ஈரமா இருக்கு" என்றாள் இருவரிடமும். யோருனின் முகத்தைப் பார்த்தவள், வேறு ஒன்றும் கேட்காமல் அவள் கையிலிருந்த முனையைத் தான் வாங்கிக்கொண்டாள். ஹால்வரும் ஹெல்லேயும் அதை லாரியில் ஏற்றினார்கள்.

பீட்சா வந்தது. காலி வீட்டில் தரையில் வட்டமாக உட்கார்ந்து எல்லோரும் தின்றார்கள். படகில் ஹால்வரோடு வேலை செய்கிற ஒருவன், "இனிமே படகு ஏறினா வேலைக்குப் போறதும் வீட்டுக்குப் போறதும் ஒண்ணுதான் உனக்கு" என்று சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். யோருனும் சிரித்தாள். கிளம்பும்போது ஹால்வர் ஒவ்வொருவரையும் அணைத்து நன்றி சொன்னான். அவளையும் அணைத்தான். மற்றவர்களை அணைத்த அதே அளவுதான். ஒரு மூச்சுக்கூடக் கூடவில்லை. இரண்டு மணிப் படகுக்கு லாரி போய்விட்டது.

வீட்டுக்கு வந்து ஈரக் கோட்டோடு நடையிலேயே உட்கார்ந்திருந்தாள். செல்போன் அடித்தது.

"சொன்னியா?" என்றாள் சில்யே.

"சொன்னேன்."

"என்ன சொன்னான்?"

"சந்தோஷமா இருக்கானாம்."

"சொன்னதே பெருசுடீ. மனசாவது கொஞ்சம் லேசாச்சா?" என்றாள் சில்யே.

"இல்லடீ" என்றாள் யோருன். "சொல்லாம இருந்தவரைக்கும், என்னைக்காவது ஒருநாள் கேப்பான்னு இருந்துச்சு."

செல்போனைத் தரையில் வைத்துவிட்டாள். சில்யே சலூனைப் பூட்டிவிட்டு அவள் வீட்டுக்கு வந்தாள்.